ராஜ்மகால் மலைக்குப் போகும் காணிக்கை: விடுதியா, மருத்துவப் பணியா, தாய்மொழிக் கல்வியா, நிலமா?

தமிழ்நாட்டுத் திருச்சபையின் சேகரங்கள் (ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள சபைகளின் தொகுப்புகள்) பலவற்றில், அறுப்பின் பண்டிகை முடிந்த சில வாரங்களில் மிஷன் கமிட்டி கூடி, அந்த ஆண்டு சேர்ந்த மிஷனெரிக் காணிக்கையை எந்தப் பணித்தளத்துக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கிறது. வட இந்தியப் பழங்குடி மக்களிடையே ஊழியம் செய்யும் அமைப்புகளின் கடிதங்கள் மேசையில் இருக்கும். ஒரு கடிதம் பிள்ளைகள் விடுதிக்குக் கட்டடம் கேட்கும். இன்னொன்று செவிலியருக்குச் சம்பளம் கேட்கும். மற்றொன்று மலைக் கிராமத்துக்கு ஆசிரியர் கேட்கும். எல்லாமே நல்ல காரியங்கள் என்பதால், எது மனதை அதிகம் உருக்குகிறதோ அதற்கே பணம் போய்விடுகிறது. ஆனால் ஏழை மக்களின் வாழ்க்கைக்குள் நம் பணம் நுழையும்போது அது வெறும் உதவியாக நின்றுவிடுவதில்லை. யார் எங்கே வாழ்வது, எந்த மொழியில் படிப்பது, யாரிடம் கைகட்டி நிற்பது என்பவற்றையும் அது தீர்மானிக்கிறது. ஆகவே இந்த வழிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்ப்பது கமிட்டியின் கடமை என்று கருதுகிறேன்.

பொதுவாகப் பேசினால் எல்லா வழிகளும் சரியாகவே தோன்றும் என்பதால், ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஜார்க்கண்டின் வடகிழக்கில் சாகிப்கஞ்ச், பாக்கூர், கொட்டா, தும்கா மாவட்டங்களில் பரந்திருக்கும் ராஜ்மகால் மலைகள். அங்கே வாழும் சௌரியா பஹாரியா மக்கள் பேசும் மால்டோ, தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஜார்க்கண்டில் அவர்கள் ஏறக்குறைய 46,000 பேர் மட்டுமே. மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று மத்திய அரசு வகைப்படுத்தியுள்ள 75 குழுக்களில் அவர்களும் அடங்குவர். தமிழகத்தில் 1959-இல் ஜெபக்குழுக்களாகத் தொடங்கி வளர்ந்த ஃப்ரெண்ட்ஸ் மிஷனெரி பிரேயர் பேண்ட் பல பத்தாண்டுகளாக இவர்களிடையே பணியாற்றி வருவதால், நம் சபைகளில் பலருக்கு இந்த மலையின் பெயராவது தெரியும்.

இவர்களுடைய வறுமைக்குச் சோம்பலோ அறியாமையோ காரணமல்ல. 1832-இல் ஆங்கில அரசு மலையையும் அடிவாரத்தையும் தாமின்-இ-கோ என்று எல்லை வகுத்துத் தன் நேரடிப் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. காட்டை அழித்து வயலாக்கி வரி செலுத்தக்கூடிய சந்தால் பழங்குடி மக்களை அங்கே குடியேற ஊக்குவித்தது. அடிவார நிலம் கைவிட்டுப்போக, பஹாரியாக்கள் மலையுச்சிகளில் ஒதுங்கினார்கள். அங்கே குர்வா எனப்படும் மாற்றிட வேளாண்மையில் சோளமும் மக்காச்சோளமும் தட்டைப்பயறும் விளைவித்து வாழ்ந்தார்கள். காடு மெலிந்ததும் விளைச்சல் குறைந்தது; விதைக்கும் முன்பே அடிவாரச் சந்தையில் மகாஜன் எனப்படும் வட்டி வியாபாரியிடம் கடன் வாங்கி, விளைந்ததை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கும் நிலை வந்தது. இப்போது கல் குவாரிகள் மலையையே வெட்டி எடுக்கின்றன. இவற்றோடு மலேரியா, காசநோய், காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சல் ஆகிய நோய்களும் சேர்ந்துகொள்கின்றன. இந்தப் பின்னணியை மனதில் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் எடைபோட வேண்டும்.

நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றே: நம் பணம் சில ஆண்டுகள் கழித்து நின்றுபோனால், அந்த மலைக் கிராமத்தில் யாரிடம், என்ன திறமை மிஞ்சியிருக்கும்?

பிள்ளைகள் விடுதி

நம் சபைகளுக்கு மிகவும் பிடித்த வழி இதுவே. அதற்கு நியாயமான காரணமும் உண்டு. திருநெல்வேலித் திருச்சபையின் கல்வி வரலாறே போர்டிங் பள்ளிகளோடு பிணைந்தது. எழுத்தறிவே இல்லாத குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகள் அங்கே தங்கிப் படித்து ஆசிரியர்களாகவும் செவிலியர்களாகவும் உயர்ந்தார்கள். நம்மில் பலருடைய பாட்டிமார் அப்படிப் படித்தவர்களே. மலைக் கிராமத்து அரசுப் பள்ளியில் ஆசிரியர் ஒழுங்காக வராதபோது, விடுதி மூன்று வேளைச் சாப்பாட்டையும் தொடர்ச்சியான படிப்பையும் தருகிறது. ஒரு பிள்ளைக்கு மாதம் இவ்வளவு என்று கணக்கிட்டுச் சபையில் குடும்பங்களுக்குப் பகிர்ந்து கொடுக்கவும் எளிது.

ஆயினும் திருநெல்வேலிப் பிள்ளை படித்தது தன் சொந்த மொழியில், தன் சொந்த மாவட்டத்தில். ஆறு வயதுப் பஹாரியாப் பிள்ளையை மலையிலிருந்து இறக்கி, இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசும் விடுதியில் பத்து ஆண்டுகள் வளர்த்தால், அந்தப் பிள்ளை தேர்வில் தேறலாம். ஆனால் தன் பாட்டியோடு பேசத் தெரியாமல், தட்டைப்பயறு எப்போது விதைப்பது என்று அறியாமல், கிராமத்துக்கும் நகரத்துக்கும் சொந்தமில்லாமல் நிற்கும் ஆபத்து பெரிது. இது கற்பனையான அச்சமன்று. கனடாவில் அரசின் பணத்தில் சபைகள் நடத்திய உறைவிடப் பள்ளிகளில் ஏறக்குறைய 1,50,000 பூர்வகுடிப் பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டார்கள். அங்கே மொழி தடுக்கப்பட்டதையும், பிள்ளைகள் வதைக்கப்பட்டதையும், ஆயிரக்கணக்கானோர் இறந்ததையும் 2015-இல் வெளியான உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் அறிக்கை பதிவு செய்தது. அங்குள்ள ஆங்கிலிக்கன் சபை 1993-இலும், போப் பிரான்சிஸ் 2022-இல் கனடாவுக்கே சென்றும் மன்னிப்புக் கேட்டார்கள். அங்கே அரசின் கட்டாயம் இருந்தது, நம் விடுதிகளில் பெற்றோர் விரும்பியே பிள்ளைகளை அனுப்புகிறார்கள் என்பது உண்மையான வேறுபாடுதான். ஆனால் பசியால் எழும் விருப்பத்தை முழு விருப்பம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகளை வைத்திருக்கும் இல்லங்கள், 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 41-ஆம் பிரிவின்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவும், குழந்தைப் பாதுகாப்பு விதிமுறைகளும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கும் உரிமையும் இல்லாத விடுதிக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது. பிள்ளைகளை ஜார்க்கண்டிலிருந்து ரயிலேற்றித் தமிழ்நாட்டு விடுதிகளுக்குக் கொண்டுவரும் திட்டங்களை நான் முற்றாக எதிர்க்கிறேன். தாய்க்கு எட்டாத தூரத்தில் பிள்ளையை வைத்திருப்பதற்கு எந்த ஊழிய நோக்கமும் நியாயமாகாது.

மேலும், அரசே உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. நலிந்த பிரிவுப் பெண்பிள்ளைகளுக்காக 2004 முதல் கஸ்தூர்பா காந்தி பாலிகா வித்யாலயங்களும், பழங்குடிப் பிள்ளைகளுக்காக ஏகலைவ்யா மாதிரிப் பள்ளிகளும் உள்ளன. அவற்றில் இடம் வாங்கித் தரவும், சேர்ந்த பிள்ளை பாதியில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளவும் ஓர் உள்ளூர் ஊழியர் இருந்தால், தனி விடுதிக் கட்டடத்துக்கு ஆகும் செலவில் சிறு பகுதியிலேயே காரியம் முடியும். ஆறாம் வகுப்புக்கு மேல், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு, அதே மாவட்டத்துக்குள், வாரச் சந்தைக்கு வரும் பெற்றோர் பார்த்துவிட்டுப் போகும் தொலைவில் உள்ள சிறிய விடுதி என்றால் அதை ஆதரிக்கலாம். அதற்கும் கீழான வயதில் கூடாது.

மருத்துவப் பணி

காலா அசாரை எடுத்துக்கொண்டால் இந்த வழியின் வலிமை விளங்கும். மண் சுவரின் விரிசல்களிலும் மாட்டுக் கொட்டில் ஈரத்திலும் வளரும் மணல் ஈ கடிப்பதால் பரவும் இந்நோயில், இரண்டு வாரத்துக்கும் மேலாகக் காய்ச்சல் விடாது, மண்ணீரல் வீங்கும், இரத்தம் வற்றும், சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலும் மரணமே. ஆனால் விரல் நுனி இரத்தத்தில் சில நிமிடங்களில் கண்டறியும் சோதனை உண்டு. 2014 முதல் தேசியத் திட்டத்தில் ஒரே தவணை ஊசி மருந்தால் குணமாக்கும் சிகிச்சையும் உண்டு. அரசு மருத்துவமனையில் அது இலவசம். ஜார்க்கண்டில் இந்நோய் நிலைகொண்டிருந்த நான்கு மாவட்டங்களும் மேலே சொன்ன அதே நான்கு மாவட்டங்கள்தாம்.

மருந்து கீழே இருக்கிறது. நோயாளி மேலே இருக்கிறார். இரண்டுக்கும் இடையில் பல மணி நேர நடையும், முதலில் நாடப்படும் ஓஜா எனப்படும் கிராமத்து மந்திரவாதியும், பையில் ஊசியோடு சுற்றும் போலி வைத்தியரும், அவருக்குக் கொடுப்பதற்காக மகாஜனிடம் வாங்கும் கடனும் நிற்கின்றன. ஆகவே இந்த மலைக்கு முதலில் வேண்டியது, காய்ச்சல் பதினைந்து நாளைத் தாண்டியதும் "இது சாதாரணக் காய்ச்சல் அல்ல, கீழே போக வேண்டும்" என்று மால்டோவில் சொல்லக்கூடிய, சொன்னால் கிராமம் கேட்கக்கூடிய ஒரு பெண். மருத்துவமனையின் இரண்டாம் மாடி பிறகு வரலாம்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ராஜனிகாந்த் அரோலேயும் மேபெல் அரோலேயும் 1970-இல் மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட்டில் தொடங்கிய பணி இதைத்தான் நிரூபித்தது. எழுத்தறியாத, பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிராமப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிரசவம், பிள்ளைகளின் ஊட்டம், குடிநீர் ஆகியவற்றைக் கவனிக்கும் பொறுப்பை அவர்கள் கையில் கொடுத்தார்கள். மருத்துவர் தொலைவில் இருந்தும் சிசு மரணம் பெரிதும் குறைந்தது. 1979-இல் அவர்களுக்கு மகசேசே விருது கிடைத்தது. பின்னர் 2005-இல் நாடு முழுவதும் வந்த ஆஷா பணியாளர் திட்டத்துக்கு முன்னோடிகளாகச் சொல்லப்படும் முயற்சிகளில் ஜாம்கேட்டும் ஒன்று. சாகிப்கஞ்ச் மாவட்டத்தில் எம்மானுவேல் ஹாஸ்பிடல் அசோசியேஷன் 1996-இல் மால்டோ மக்களுக்காகத் தொடங்கிய பிரேம் ஜோதி மருத்துவப் பணியும், மருத்துவமனையோடு கிராமச் சுகாதாரத் தன்னார்வலர்களையும் சேர்த்தே வளர்ந்தது.

இந்த வழிக்குக் குறைகள் இல்லாமல் இல்லை. ஏழைகளுக்குச் சேவை செய்யும் மருத்துவமனை கட்டணத்தால் மட்டும் ஓடாது. ஆண்டுதோறும் யாரோ கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தெற்கிலிருந்து போகும் மருத்துவரும் செவிலியரும் தங்கள் பிள்ளைகளின் படிப்புக்காகச் சில ஆண்டுகளில் திரும்ப நேரிடுகிறது. அரசு செய்ய வேண்டிய வேலையைச் சபை செய்தால் அரசு மேலும் ஒதுங்கிக்கொள்ளும் என்ற வாதத்திலும் உண்மை உண்டு. ஆனால் கிராமத் தன்னார்வலரை மையமாக வைத்த பணி இந்த மூன்றையும் ஓரளவு சமாளிக்கிறது: அவர் ஊரைவிட்டுப் போவதில்லை, அவரது வேலையில் பாதி, அரசு ஏற்கெனவே வைத்திருக்கும் மருந்தையும் தடுப்பூசியையும் மக்களிடம் கொண்டுசேர்ப்பதே, பணம் நின்றாலும் அவர் கற்றது அவரோடு இருக்கும்.

சபைகள் இங்கே செய்யும் தவறு, கேட்கப்படுவதைக் கொடுக்காமல் கொடுக்க விரும்புவதைக் கொடுப்பது. ஸ்கேன் கருவிக்கும் பெயர்ப் பலகை பதிக்கக்கூடிய வார்டுக்கும் நன்கொடையாளர் கிடைப்பார். தன்னார்வலரின் மாத ஊக்கத்தொகைக்கும், ஜீப்பின் டீசலுக்கும், மலையிலிருந்து வந்த கர்ப்பிணி பிரசவம்வரை தங்கும் அறையின் அரிசிக்கும் கிடைப்பது அரிது. நம் காணிக்கை அந்த அரிதான இடத்துக்கே போகட்டும்.

தாய்மொழிக் கல்வி

மால்டோவை எழுத்தில் கொண்டுவந்ததில் மிஷனெரிகளுக்குப் பங்கு உண்டு. சர்ச் மிஷனெரி சொசைட்டியின் (சி.எம்.எஸ்.) மிஷனெரி எர்னஸ்ட் ட்ரோசே 1884-இலேயே அதன் இலக்கணத்தை வெளியிட்டார். ஆயினும் இன்றும் பஹாரியாப் பிள்ளை பள்ளியின் முதல் நாளில் கேட்பது வீட்டில் கேட்டறியாத இந்தியை. புரியாத மொழியில் எழுத்துக் கற்கும் பிள்ளை எழுத்தையும் கற்பதில்லை, மொழியையும் கற்பதில்லை. இரண்டாம் மூன்றாம் வகுப்பிலேயே ஆடு மேய்க்கப் போய்விடுகிறது. குறைந்தது ஐந்தாம் வகுப்புவரை இயன்ற இடங்களில் தாய்மொழியே பயிற்றுமொழியாக இருக்கலாம் என்று 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சொல்கிறது. ஆனால் சிறிய மொழிகளுக்குப் பாடநூலும் ஆசிரியரும் எங்கிருந்து வருவார்கள்?

இந்த இடைவெளியைச் சபைப் பணம் நிரப்பலாம். பத்தாம் வகுப்பு முடித்த மால்டோ இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மாலை வகுப்பாகவோ முன்பருவப் பள்ளியாகவோ, தேவநாகரி எழுத்தில் மால்டோவையும் அதன் வழியாக இந்தியையும் கற்பிக்கச் செய்ய ஆகும் செலவு மற்ற வழிகளைவிடக் குறைவு. பிள்ளை வீட்டிலேயே தூங்கும். பலன் தெரியப் பல ஆண்டுகள் ஆகும் என்பதும், ஆண்டறிக்கையில் காட்டுவதற்குப் பெரிதாக எதுவும் இராது என்பதும் இதன் பலவீனங்கள். கிறிஸ்தவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால் கிராமம் இரண்டுபடும் ஆபத்தும் உண்டு. ஆகவே வகுப்பு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்பதை எழுத்தில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். மருத்துவப் பணிக்கு அடுத்து என் மனம் இதற்கே சாய்கிறது.

நிலமும் கடனும்

இந்த வழியை நம் கமிட்டிகள் பெரும்பாலும் பேசுவதே இல்லை. "அது அரசியல்" என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் ஜார்க்கண்டில் திருச்சபை மக்களிடம் வேரூன்றிய வரலாற்றில் நிலமே நடுவில் இருக்கிறது. 1885-இல் சோட்டாநாக்பூருக்கு வந்த இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ், முண்டா, உராவ் மக்களின் நில வழக்குகளில் அவர்களுக்குத் துணைநின்றார். அவருக்குப் பின் வந்த ஜான் பாப்டிஸ்ட் ஹாஃப்மன், பழங்குடி நிலத்தைக் காக்கும் 1908-ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம் உருவாவதில் பங்காற்றினார். 1909-இல் அவர் தொடங்கிய கூட்டுறவுக் கடன் சங்கம், வட்டிக்காரரின் பிடியிலிருந்து எண்ணற்ற குடும்பங்களை விடுவித்தது. நம் காலத்தில், திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் பிறந்த ஸ்டேன் சுவாமி அடிகள், ராஞ்சியில் இருந்துகொண்டு விசாரணைக் கைதிகளாக ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்த பழங்குடி இளைஞர்களுக்காக உழைத்தார். 2020 அக்டோபரில் கைது செய்யப்பட்ட அவர், 84 வயதில், 2021 ஜூலை 5 அன்று காவலில் இருந்தபடியே மும்பை மருத்துவமனையில் இறந்தார். இந்த வழியின் விலை என்ன என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

ராஜ்மகால் பகுதிக்குச் சந்தால் பர்கானா குத்தகைச் சட்டம், 1949, பொருந்தும்; பழங்குடி நிலத்தை விற்பதையும் கைமாற்றுவதையும் அது கடுமையாகக் கட்டுப்படுத்துகிறது. (விடுதிக்கும் ஆலயத்துக்கும் நிலம் வாங்கப் பணம் கேட்டுக் கடிதம் வந்தால், அந்த நிலம் யாருடையது, எந்த உரிமையில் பெறப்படுகிறது என்று கமிட்டி கட்டாயம் கேட்க வேண்டும்.) வழக்கு நடத்துவது தொலைவில் இருக்கும் ஒரு சேகரத்தின் வேலையன்று, அதை அந்த மண்ணில் இருப்பவர்களே தங்கள் தீர்மானத்தின்படி செய்ய வேண்டும். ஆனால் தானிய வங்கி நம் கைக்கு எட்டியதே. விதைப்புக் காலத்தில் விதையும் பஞ்ச மாதங்களில் தானியமும் கடனாகக் கொடுத்து, அறுவடையில் சிறிது கூடுதலாகத் திரும்பப் பெறும் பொதுக் களஞ்சியம் ஒரு கிராமத்தில் நிலைத்தால், அந்தக் கிராமம் மகாஜனிடம் விலை பேசும் துணிவைப் பெறும். ஒருமுறை கொடுக்கும் முதலே போதும். கிராமப் பெண்கள் கணக்கு வைத்தால் நிலைக்கிறது. வெளியூர் ஊழியர் சாவியை வைத்திருந்தால் அவர் மாற்றலாகும்போது களஞ்சியமும் முடிந்துவிடுகிறது.

குழுவாகப் போய்வருவது பற்றி

பதினைந்து பேர் ஹவுரா வழியாக ரயிலில் போய், மலையில் சில நாள் தங்கி, துணிமணி கொடுத்து, பாடல் பாடித் திரும்பும் பயணங்களுக்கு மிஷன் நிதியைத் தொடக் கூடாது. போக விரும்புவோர் தங்கள் செலவில் போகட்டும். அவர்களை உபசரிக்கப் பணித்தளம் தன் வேலையை நிறுத்த நேரிடுகிறது என்பதையும் நினைக்க வேண்டும்.

சட்டமும் மனச்சாட்சியும்

ஜார்க்கண்டின் மதச் சுதந்திரச் சட்டம், 2017, பலவந்தம், ஏமாற்று, ஆசைகாட்டல் ஆகியவற்றால் நடக்கும் மதமாற்றத்தைத் தண்டிக்கிறது. மாறுபவர் பழங்குடியினராகவோ, பெண்ணாகவோ, சிறாராகவோ இருந்தால் தண்டனை நான்கு ஆண்டு சிறையும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் வரை செல்லும். இத்தகைய சட்டங்கள் தவறாகப் பயன்படுத்தப்படுவதைப் பற்றிய நம் வேதனை நியாயமானது. ஆனால் சட்டமே இல்லாவிட்டாலும், மருந்தையோ விடுதி இடத்தையோ ஞானஸ்நானத்தோடு முடிச்சுப் போடுவது பாவம் என்றே நான் நம்புகிறேன். பசியோடு இருப்பவனிடம் விசுவாசத்தை விலையாகக் கேட்பது நற்செய்தி அல்ல. இந்த அளவிலும் விடுதியே மிகவும் சிக்கலான வழி, ஏனெனில் அங்கே பிள்ளையின் உணவும் படிப்பும் ஜெபமும் ஒரே கூரையின் கீழ் ஒருவரின் அதிகாரத்தில் இருக்கின்றன. சுகாதாரத் தன்னார்வலரும் தானிய வங்கியும் அப்படி யாரையும் சிறைப்படுத்துவதில்லை.

வெளிநாட்டுத் தமிழ்ச் சபைகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2020-இல் திருத்தப்பட்ட வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி, பணம் புதுதில்லியிலுள்ள ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகவே வர வேண்டும். வாங்கிய அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க முடியாது. நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே பணித்தளத்தை நடத்தும் அமைப்புக்கே நேரடி அனுமதி உண்டா என்று கேட்டறிந்த பிறகே அனுப்ப வேண்டும்.

என் தீர்மானம்

கையில் உள்ள தொகையில் பாதியை மலைக் கிராமங்களின் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் அவர்களைப் பயிற்றும் செவிலியரின் சம்பளத்துக்கும் ஒதுக்குவேன். ஓர் ஆண்டுக்கு என்றல்லாமல் ஐந்து ஆண்டுக்கு எழுத்தில் உறுதி கொடுத்து. கால்பங்கை மால்டோ ஆசிரியர்களுக்குத் தருவேன். எஞ்சிய கால்பங்கில் தானிய வங்கிக்கு ஒருமுறை முதலும், மாவட்டத்துக்குள் மேல்வகுப்புப் படிக்கும் பெண்பிள்ளைகளின் செலவும் அடங்கும். கட்டடத்துக்கும் நிலத்துக்கும் பயணத்துக்கும் ஒன்றுமில்லை. தொகை மிகச் சிறிதாக இருந்தால், பிரிக்காமல் முழுவதையும் தன்னார்வலர்களுக்கே கொடுக்கலாம்.

1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாக உழைத்த வி. எஸ். அசரியா, 1910 எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் ஐரோப்பிய மிஷனெரிகளின் முகத்துக்கு நேராக, நீங்கள் எங்களுக்குத் தியாகங்கள் செய்தீர்கள், இப்போது நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருளில் வேண்டினார். அன்று நாம் கேட்கும் இடத்தில் இருந்தோம். பஹாரியாக்களுக்கு முன்னால் இன்று நாம் கொடுக்கும் இடத்தில் இருக்கிறோம், அந்த வேண்டுதல் இப்போது நம்மை நோக்கியே வருகிறது. எனவே தீர்மானம் எழுதும் முன் பணித்தளத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, இந்தத் திட்டத்தை யார் கேட்டார்கள், அதை நடத்தும் குழுவில் மால்டோ பெண்களும் ஆண்களும் எத்தனை பேர், வரவுசெலவுக் கணக்கு அவர்கள் மொழியில் கிராமத்தில் வாசிக்கப்படுகிறதா என்று கமிட்டி கேட்க வேண்டும். பதில் வரும்வரை தொகை சேகரத்தின் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும். அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பதால் எந்த நஷ்டமும் இல்லை.